புட்டிக்குள் இருக்கும் அனுபானம்

“பாட்டி, இதுவரைக்கும் எவ்வளவு கொடுத்தீங்க?”

“நாலு கோடும்மா.”

“எந்த ஊசியில நாலு கோடு?”

மருந்துக் கவுண்டரின் கண்ணாடிக்கு அப்பால் நின்ற இளம் மருந்தாளர் கேட்ட இந்த இரண்டாவது கேள்வி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. பாட்டி சுங்கை புரோங் பக்கத்திலிருந்து வந்திருந்தார். மடியில் மூன்று மாதப் பேரன். இதயத்தில் ஓட்டையோடு பிறந்தவன், எடை நான்கு கிலோ. பாட்டி பையைத் துழாவி, வாயில் மருந்து விடும் ஊசிக்குழல்கள் இரண்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று ஒரு மில்லிலிட்டர் பிடிப்பது. மற்றது ஐந்து மில்லி. சின்னக் குழலில் பெரிய கோடு நான்கு என்றால் 0.4 மில்லி. பெரிய குழலில் நான்கு கோடு என்றால் 0.8 மில்லி. புட்டி ஒன்றே, பேரன்மேல் பாட்டிக்கு இருந்த கவனத்திலும் குறையில்லை. ஆனால் எந்தக் குழல் கைக்கு அகப்பட்டதோ அதைப் பொறுத்து மருந்து இரட்டிப்பாகியிருக்கும்.

நல்லவேளை, வீட்டில் சின்னக் குழலைத்தான் பயன்படுத்தியிருந்தார்கள். மருந்தாளர் பெரிய குழலைத் திரும்ப வாங்கிக்கொண்டு, சின்னதில் 0.4 இருக்கும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு இழுத்துக் கொடுத்தார்.

அந்தப் புட்டியில் இருந்தது கேப்டோப்ரில். இரத்தக் குழாய்களைத் தளர்த்தி, திணறும் இதயத்தின் சுமையைக் குறைக்கும் மருந்து. பெரியவர்கள் இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் அதே சரக்குதான். 25 மில்லிகிராம் மாத்திரையாகக் கிடைக்கிறது. கைக்குழந்தைக்குத் தொடங்கும்போது எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று கணக்கு வைத்தால், நான்கு கிலோப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 0.4 மில்லிகிராம். அதாவது அந்த மாத்திரையில் அறுபத்திரண்டில் ஒரு பங்கு. எந்தக் கத்தியால் அப்படி வெட்ட முடியும்? அந்த இதயப் பிள்ளைகளுக்கே கொடுக்கும் நீர்ப்போக்கி ஃப்ரூசமைடு 40 மில்லிகிராம் மாத்திரை. கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என்றால் இந்தப் பேரனுக்கு அதில் பத்தில் ஒரு பங்குதான்.

ஆகவே மருத்துவமனை மருந்தகத்தின் பின்னறையில் ஒருவர் மாத்திரைகளை எண்ணி எடுத்து, பீங்கான் கல்வத்தில் போட்டு, நைசாக அரைக்கிறார். முதலில் சில துளி நீர்மம் விட்டுக் களியாகக் குழைக்கிறார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீர்மத்தைக் கூட்டி, அளவுக் குடுவையில் குறிப்பிட்ட கோடு வரை நிரப்பி, பழுப்புப் புட்டியில் ஊற்றிச் சீட்டு ஒட்டுகிறார். சித்த வைத்தியர் வீட்டுத் திண்ணையில் நடந்ததும் கிட்டத்தட்ட இதே வேலைதான். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் கலவை மருந்து ஊற்றிக் கொடுத்த காலத்தைப் பார்த்தவர்களுக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. இருபத்தோராம் நூற்றாண்டில், இதய அறுவை சிகிச்சை செய்யும் அளவுக்கு முன்னேறிய ஒரு நாட்டில், கைக்குழந்தையின் மருந்து இன்னும் கையால் அரைத்துக் குழைக்கப்படுகிறது. மலேசியாவில் மட்டும் இப்படியல்ல. வேறு பல நாடுகளிலும் இந்தக் கதை உண்டு.

ஏன்? பெரும்பாலான மருந்துகள் பெரியவர்களுக்காகவே ஆராயப்பட்டு, பெரியவர்களின் அளவிலேயே வார்க்கப்பட்டன. பிள்ளைகளிடம் சோதனை செய்யத் தயக்கம் இருந்தது. அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் அதன் விளைவு, சோதனைக் கூடத்தில் நடக்க வேண்டியது ஒவ்வொரு வார்டிலும் ஒவ்வொரு பிள்ளையிடமும் கணக்கில் வராமல் நடந்ததுதான். 1960களில் ஹாரி ஷர்க்கி என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிள்ளைகளைச் ‘சிகிச்சையின் அநாதைகள்’ என்று அழைத்தார். உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கென்று தனியாக ஓர் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை முதன்முதலில் வெளியிட்டதோ 2007இல்தான். பெரியவர்களின் பட்டியல் வந்து அதற்குள் முப்பது ஆண்டுகள் ஓடியிருந்தன.

சித்த மருத்துவத்தில் அனுபானம் என்றொரு சொல் உண்டு. சூரணமோ பற்பமோ, அதை எதில் குழைத்துக் கொடுப்பது என்பதன் பெயர் அது. தேனா, நெய்யா, வெந்நீரா, தாய்ப்பாலா? மருந்து பலிப்பதும் பலிக்காததும் அனுபானத்தையும் பொறுத்தது என்று வைத்தியர்கள் கருதினார்கள். நவீன மருந்தியலில் இதற்குச் சமமானவை கரைப்பான்கள், தித்திப்பூட்டிகள், பதப்படுத்திகள், கெட்டிப்படுத்திகள். சீட்டில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயர் சரக்கினுடையது. புட்டியில் பெரும் பங்கு இருப்பது அனுபானம். குழந்தைகளின் விஷயத்தில் பல சமயம் ஆபத்து இருப்பது இந்த இரண்டாவதில்தான்.

குழந்தை என்பது சின்ன அளவில் செய்த பெரிய மனிதன் அல்ல. பிறந்த குழந்தையின் உடலில் நான்கில் மூன்று பங்கு தண்ணீர். வயிற்றில் அமிலம் குறைவு. கல்லீரலில் சாராயத்தைச் சிதைக்கும் நொதி இன்னும் முழு வேகத்தில் வேலை செய்யத் தொடங்கியிருக்காது. பெரியவர் உடல் கவனிக்காமலேயே வெளியேற்றிவிடும் ஒரு கரைப்பான், குறைமாதப் பிள்ளையின் உடலில் தேங்கி நிற்கும். எச்.ஐ.வி.க்கான லோபினவிர்–ரிட்டோனவிர் திரவத்தில் சாராயம் 42.4 சதவீதம், புரோப்பிலீன் கிளைக்கால் 15 சதவீதத்துக்கு மேல். சரக்கு நீரில் கரையாது என்பதால் அப்படிச் செய்திருந்தார்கள். பச்சிளங் குழந்தைகளுக்கு இதைக் கொடுப்பது குறித்து அமெரிக்காவில் 2011இல் எச்சரிக்கை விடப்பட்டது.

அதற்கும் முன்னால், 1980களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் குறைமாதப் பிள்ளைகளைக் காக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஒரு விளங்காத சாவு. பிள்ளைகள் மூச்சுக்குத் திணறித் திணறி இறந்தன. தேடிப் பார்த்தபோது அகப்பட்டது எந்த வீரிய மருந்தும் அல்ல. நரம்பில் செருகிய குழாயைக் கழுவப் பயன்படுத்திய உப்புநீர். அதில் கிருமி வளராமல் இருக்கச் சேர்த்திருந்த பென்சைல் ஆல்கஹால் அந்தப் பிஞ்சு உடல்களில் சேர்ந்துகொண்டே போயிருந்தது. 1982இல் காரணம் வெளியானது. கழுவும் நீரைக்கூட யாரும் மருந்தென்று நினைத்திருக்கவில்லை.

நம் வீடுகளில் தொட்டில் பக்கத்தில் தவறாமல் இருந்த உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பிறந்தது. சோம்பு வாசம் வீசும் சதகுப்பை எண்ணெயும் சோடா உப்பும் சர்க்கரையும் போக, அதில் கொஞ்சம் சாராயமும் இருந்தது. பிரிட்டனில் 1992இல்தான் அந்தச் சாராயத்தை எடுத்தார்கள். ‘குடிச்ச உடனே தூங்கிடும்’ என்று தலைமுறை தலைமுறையாகத் தாய்மார் சொன்னதற்கு அனுபானமும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

இனி எழுதப்போவது நெஞ்சை அடைக்கும் கதை. ஆனால் தமிழர்கள் தவிர்க்கக் கூடாதது.

பாராசிட்டமால் தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. சிரப் செய்யப் புரோப்பிலீன் கிளைக்கால் போன்ற கரைப்பான் வேண்டும். அதற்கு ஓர் இரட்டைப் பிறவி போலத் தோற்றமளிப்பது டைஎதிலீன் கிளைக்கால். நிறமில்லை, பிசுபிசுப்பும் தித்திப்பும் உண்டு, விலையோ மலிவு. தொழிற்சாலைகளில் கரைப்பானாகவும், வண்டிகளின் பிரேக் எண்ணெயிலும் பயன்படுவது. உடலுக்குள் போனால் கல்லீரல் இதைச் சிதைத்து டைகிளைகாலிக் அமிலமாக மாற்றுகிறது. அது சிறுநீரகத்தின் நுண்குழல் செல்களுக்குள் புகுந்து அவற்றைக் கொல்கிறது. முதலில் வாந்தியும் வயிற்று வலியும். ஓரிரு நாளில் சிறுநீர் நின்றுபோகும். காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்து கொடுத்த பெற்றோர், பிள்ளை ஏன் ஒன்றுக்குப் போகவில்லை என்று தெரியாமல் விழிப்பார்கள்.

1937இல் அமெரிக்காவில் இப்படி நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் பிள்ளைகள். சல்ஃபானிலமைடு என்ற நல்ல மருந்தை, குழந்தைகள் விரும்பும் ராஸ்பெரி வாசத்தோடு இந்த நஞ்சில் கரைத்து விற்றது ஒரு நிறுவனம். விற்கும் முன்பு பாதுகாப்பைச் சோதிக்க வேண்டும் என்ற சட்டம் அப்போது இல்லை. அடுத்த ஆண்டே வந்தது.  ஆனாலும் நஞ்சு நிற்கவில்லை. 1972இல் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் பிள்ளைகள் இதே நஞ்சுக்குப் பலியானார்கள். 2022இல் காம்பியாவில் ஏறக்குறைய எழுபது பிள்ளைகள். சிரப்புகள் இந்தியாவின் ஹரியானாவில் செய்தவை. அதே ஆண்டு, சுங்கை புரோங் கடற்கரையிலிருந்து நீரிணையைக் கடந்தால் வரும் இந்தோனேசியாவில், இருநூறுக்கு மேற்பட்ட பிள்ளைகள். அங்கே தொழிற்சாலைத் தரக் கரைப்பானை மருந்துத் தரம் என்று பீப்பாயில் பொய்ச் சீட்டு ஒட்டி விற்றிருந்தார்கள்.

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் பிள்ளைகளின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. அவர்கள் குடித்தது ‘கோல்ட்ரிஃப்’ இருமல் மருந்து. அதைச் செய்தது காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரேசன் நிறுவனம். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அக்டோபர் தொடக்கத்தில் ஆலைக்குப் போய் மாதிரி எடுத்துச் சோதித்தது. டைஎதிலீன் கிளைக்கால் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. அந்தச் சிரப்பில் இருந்தது 48.6 சதவீதம். ஏறக்குறையப் பாதிப் புட்டி நஞ்சு. இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் போய்விட்டார்கள். அடுத்த சில நாட்களில் ஆலையின் உரிமம் பறிக்கப்பட்டது. உரிமையாளர் சென்னையில் கைதானார்.

இதில் என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. அந்தப் பிள்ளைகளுக்கு அந்த மருந்து தேவையே இல்லை. கோல்ட்ரிஃபில் இருந்த குளோர்பெனிரமினும் ஃபீனைல்எஃப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே சொல்லியிருந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சளி இருமல் மருந்து வேண்டாம் என்பதுதான் நம் நாட்டுச் சுகாதார அமைச்சின் நிலையும். சாதாரணச் சளி தானே வந்து தானே போகிறது. தாய்ப்பாலும் வெதுவெதுப்பான தண்ணீரும் மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டும் போதும்.

தமிழ்நாட்டுக்குப் போய்வரும் நம் குடும்பங்களின் பெட்டியில் புடவையோடும் முறுக்கோடும் ஒரு பை நிறைய மருந்தும் வருவதை நான் பார்த்திருக்கிறேன். பெரியவர்களின் களிம்பும் தைலமும் எப்படியோ போகட்டும். பிள்ளைக்கான சிரப்பைத் தயவுசெய்து அப்படிக் கொண்டுவராதீர்கள். இங்கே கடையில் விற்கும் மருந்துப் பெட்டியில் எம்.ஏ.எல். என்ற மூன்று எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும், பளபளக்கும் ஹோலோகிராம் சீட்டும் இருக்கும். பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டினால் மருந்தின் விவரம் வரும். இரண்டு நிமிட வேலை.

ஆனால் பாட்டியின் பையில் இருந்த பழுப்புப் புட்டியில் அந்த எண் கிடையாது. இருக்கவும் முடியாது. அது ஆலையில் வார்த்த மருந்தல்ல. அந்த ஒரு பிள்ளைக்காக அன்று குழைத்தது. அதன் பாதுகாப்பு அந்தக் கல்வத்தின் முன் நின்றவரின் கையில் இருக்கிறது. அவருக்குத் துணையாகச் சுகாதார அமைச்சு இத்தகைய தயாரிப்புகளுக்கு ஒரு கையேட்டைத் தொகுத்து வைத்திருக்கிறது. எத்தனை மாத்திரை, எந்த நீர்மம், எத்தனை நாள் தாங்கும் என்பதெல்லாம் அதில் உண்டு. கேப்டோப்ரில் தண்ணீரைக் கண்டால் மெல்ல மெல்லக் கெடும் சரக்கு. உயிர்வளி அதைத் தாக்கி, இரண்டு மூலக்கூறுகளை ஒட்ட வைத்து, பயனற்ற வேறொன்றாக்கிவிடும். எனவே ஐஸ்பெட்டியில் வைக்க வேண்டும். குறித்த தேதிக்கு மேல் ஒரு சொட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது.

இத்தகைய புட்டிகளில் ‘கோஞ்சாங் செபெலும் குனா’ என்று மலாயில் எழுதியிருக்கும். குலுக்கிவிட்டுக் கொடு. இதைச் சடங்காக நினைப்பவர்கள் அதிகம். பல மருந்துகளில் அரைத்த தூள் நீர்மத்தில் முழுவதும் கரைவதில்லை, மிதக்கிறது. நிற்க நிற்க அடியில் படியும். அத்தகைய மருந்தைக் குலுக்காமல் மேலாக உறிஞ்சிக் கொடுத்தால் முதல் வாரம் பிள்ளைக்கு வெறும் தித்திப்பு நீர் போகும். கடைசி வாரம் வண்டல் முழுவதும் போகும். முதலில் மருந்து வேலை செய்யவில்லை என்று தோன்றும், பிறகு பிள்ளை துவண்டு விழும்.

இன்னொரு பொறி, மருத்துவமனை மாறும்போது. ஒரே பெயர் கொண்ட மருந்தை ஓரிடத்தில் ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் என்று கலக்கலாம். வேறிடத்தில் ஐந்து மில்லிகிராம் என்று கலக்கலாம். பிரிட்டனில் குழந்தைகள் இதய மையங்களிலும் அவற்றோடு தொடர்புள்ள மருத்துவமனைகளிலும் கேப்டோப்ரில் திரவத்தை ஆராய்ந்து 2007இல் வெளிவந்த ஒரு கட்டுரை, ஆளுக்கொரு விதமாகத் தயாரிப்பு புழங்குவதைக் காட்டியது. பெரிய மருத்துவமனையில் ‘0.4 மில்லி கொடுங்கள்’ என்று கேட்டுப் பழகிய தாய், ஊர் மருத்துவமனைப் புட்டியிலும் அதே 0.4ஐ எடுத்தால் ஐந்து மடங்கு போய்விடலாம். கடை மருந்திலும் இதே கதை உண்டு. பாராசிட்டமால் சிரப் ஐந்து மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதும் கிடைக்கிறது, 250 உள்ளதும் கிடைக்கிறது. சொட்டு மருந்திலோ ஒரு மில்லியிலேயே 100. பத்துக் கிலோப் பிள்ளைக்கு 150 மில்லிகிராம் வேண்டுமென்றால் முதல் புட்டியில் ஆறேகால் மில்லி, இரண்டாவதில் மூன்றே மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை. ஆகவே தாய்மார் மில்லியை மட்டும் நினைவில் வைக்காமல், மில்லிகிராமையும் கேட்டு ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். சமையலறைக் கரண்டியை மருந்துக்குத் தொடவே வேண்டாம்.

நம் பாட்டிமார் அளவில் கண்டிப்பானவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். உரை மருந்தை உரைகல்லில் தாய்ப்பால் விட்டு உரசும்போது எண்ணித்தான் உரசுவார்கள். இத்தனை மாதத்துக்கு இத்தனை உரசு. பிறகு பாலாடையில், சிலர் வீட்டில் சங்கில், மெல்லச் சாய்த்துப் புகட்டுவார்கள். அந்தப் பாலாடை இன்று அதே தமிழ்ப் பெயரோடு உலக மருத்துவ இதழ்களில் இருக்கிறது. உறிஞ்சத் தெரியாத குறைமாதப் பிள்ளைகளுக்குப் பால் புகட்டப் புட்டியையும் கிண்ணத்தையும் விட இது நன்றாக உதவுகிறதா என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சோதித்து எழுதியிருக்கிறார்கள். புகட்டும் கலையில் நமக்குக் குறையில்லை. ஆனால் தேனில் குழைத்துக் கொடுக்கும் வழக்கத்தை ஒரு வயது வரை விட்டுவிட வேண்டும். தேனில் சில சமயம் இருக்கும் ஒரு கிருமியின் வித்து, கைக்குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்க வைக்கும் நஞ்சைச் சுரக்கக்கூடியது.

மாற்று என்ன? பல நாடுகளில் நம்பிக்கை தருவது கரையும் மாத்திரை. ஒரு கரண்டித் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ போட்டால் நிமிடத்தில் கரைந்து பரவும். காய்ந்த நிலையில் இருப்பதால் வெயிலும் ஈரமும் உள்ள நம் ஊரிலும் திரவத்தைப் போல எளிதில் கெடாது, ஐஸ்பெட்டி வேண்டாம், கரைப்பானும் வேண்டாம், அதனால் அந்த இரட்டைப் பிறவி நஞ்சு நுழைய வழியும் இல்லை. 2009இல் மலேரியாவுக்குச் செர்ரி வாசத்தோடு இப்படி ஒன்று வந்தது. 2015 டிசம்பரில் காசநோய்ப் பிள்ளைகளுக்கு ரிஃபாம்பிசின் 75, ஐசோனியாசிட் 50, பைராசினமைடு 150 மில்லிகிராம் சேர்ந்த மாத்திரை அறிமுகமானது. அதுவரை பெரியவர்களின் கசப்பு மாத்திரையை உடைத்தும் நசுக்கியும் கொடுத்துவந்த நாடுகளில் அது ஒரு விடுதலை. வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரை நீரோடு தரும் துத்தநாக மாத்திரையும் இந்த இனம்தான். ஜெர்மனியின் டூசல்டார்ஃபில் இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள குறுமாத்திரைகளை ஆறு மாதப் பிள்ளைகளுக்குக்கூடக் கொடுத்துப் பார்த்தார்கள். சிரப்புக்குக் குறைவில்லாமல் பிள்ளைகள் அதை ஏற்றுக்கொண்டன.

பிள்ளை துப்புவது அடம் அல்ல, உடலின் காவல். காட்டில் நஞ்சுள்ள செடிகள் பல கசக்கும். அதனால் கசப்பை உடனே வெளித்தள்ளும் நாக்கோடு குழந்தை பிறக்கிறது. பெரியவர் நாக்கைவிடக் கூர்மையாக அது கசப்பை உணர்கிறது. கசப்பை மறைப்பதும் ஒரு விஞ்ஞானம். துகளுக்கு மெல்லிய உறையிட்டு, வயிற்றில் மட்டும் அவிழும்படி செய்கிறார்கள். இந்த நுட்பம் இருக்கிறது. கேப்டோப்ரிலுக்கும் ஃப்ரூசமைடுக்கும் அது எளிதில் வந்து சேராததற்குக் காரணம் சந்தை. இதயக் கோளாறோடு பிறக்கும் பிள்ளைகள் எண்ணிக்கையில் குறைவு. மருந்தோ பழையது, மலிவானது. காப்புரிமை லாபம் இல்லை. ஐரோப்பா 2007இல் கொண்டுவந்த சட்டம் புதிய மருந்துகளுக்குக் குழந்தை வடிவம் பற்றி நிறுவனங்களை யோசிக்க வைத்தது. பழைய மருந்துகளைத் திரும்பிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. இங்கே அரசு கொள்முதல் செய்கிறது. அரசு கேட்டால் செய்துகொடுக்க உள்நாட்டு ஆலைகள் இருக்கின்றன. கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

அன்று கவுண்டரில் மருந்தாளர் பாட்டியிடம் இன்னொன்றும் சொன்னார். அரசாங்கத்தின் ஒருங்கிணைந்த மருந்து வழங்கல் திட்டத்தில் பதிந்துகொண்டால், அடுத்த முறை மருந்தை வீட்டுக்குப் பக்கத்திலுள்ள தஞ்சோங் காராங் மருத்துவமனையிலேயே வாங்கிக்கொள்ளலாம். பாட்டியின் முகம் மலர்ந்தது. மருந்தாளர் உடனே போனை எடுத்தார். அங்கே யார் கலப்பார்கள், ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம் என்றுதானே கலப்பார்கள், அதற்குரிய நீர்மம் இருப்பில் இருக்கிறதா என்று விசாரித்தார். கிடைத்த பதிலை ஒரு தாளில் எழுதி, வலிமையைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, புட்டியோடு ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்.

“புதுப் புட்டி வாங்குறப்போ இந்தத் தாளைக் காட்டுங்க, பாட்டி. அதுல இதே நம்பர் இல்லைன்னா ஒரு சொட்டும் கொடுக்காதீங்க, எனக்குப் போன் பண்ணுங்க.”

பாட்டி தாளை நான்காக மடித்து, இடுப்புச் சுருக்குப் பையில் அடையாள அட்டைக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டார்.